வியட்நாமியரின் உணவும் நமது பந்தியும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகருக்கு 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நேரடி விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. அந்நகரின் பழைய பெயர் சைகோன். அடுத்த சில மாதங்களில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் நால்வர் அங்குச் சென்று திரும்பினர். ஞாயிறு திருப்பலி முடிந்து பங்குமனைத் திண்ணையில் அவர்கள் அமர்ந்து பேசியபோது, கண்ட கட்டடங்களைவிட உண்ட உணவையே மிகுதியாகப் பேசினர். விடியற்காலையிலேயே தெருவோரத்துச் சிறு முக்காலிகளில் அமர்ந்து, அன்னாசிப்பூவும் பட்டையும் மணக்கும் இறைச்சிச் சாற்றில் அரிசிச் சேவையை இட்டு உண்ணுகிறார்களாம். ‘ஃபோ’ என்பது அதன் பெயராம். அவர்களுள் ஒருவன் கேட்டான்: “சாமி, ஒரு கடையில் ‘கா ரி’ என்று எழுதியிருந்தது. வாங்கிச் சாப்பிட்டால் தேங்காய்ப்பால் ஊற்றிய நம் கோழிக்குழம்பு! ரொட்டியைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நம்மவர் யாராவது முன்னே அங்கே போயிருப்பார்களோ?”

போயிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் போயிருக்கிறார்கள். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற கத்தோலிக்கத் தமிழர். அவர்கள் போனதற்கு முன்னரே வியட்நாமியர் நம் கரைக்கு வந்தும் இருக்கிறார்கள். இவ்வரலாறு நம் மக்களுக்கு அதிகமாகத் தெரிவதில்லை. அதனைச் சொல்ல முற்படுகையில், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நான் உண்ணாமல் விட்ட ஒரு தட்டு உணவும் என் நினைவில் வந்து நிற்கிறது. அதனையும் உரிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வீராம்பட்டினத்துக் கரையில்

பாரிசு அயல்நாட்டு வேதபோதகச் சபை 1658-இல் தோன்றியது. அச்சபைக் குருக்கள் வியட்நாம், சீயம், சீனா ஆகிய நாடுகளில் நற்செய்தி அறிவித்தவர்கள். இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776-இல் புதுச்சேரி மிஷன் அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஆக, வியட்நாமில் பலர் மறைசாட்சிகளாக மடியக் கண்ட ஒரே சபைதான் நம் தமிழ் மண்ணிலும் ஆலயமணி அடித்து மக்களைத் திருப்பலிக்குக் கூட்டியது.

உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும் என்பது அச்சபையின் தலையாய நோக்கம். அதற்கென 17-ஆம் நூற்றாண்டில் சீயத்தின் அயுத்தியாவில் ஒரு பொதுக் குருமடத்தை நிறுவினர். போரும் கலகமும் துரத்த, அக்குருமடம் இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. வியட்நாமின் தென்மேற்குக் கரையில் சில ஆண்டுகள் நடைபெற்றபின், அங்கும் தாக்கப்பட்டு, 1770-இல் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தது. 1782 வரை அங்கே இயங்கியது. வியட்நாமிய இளைஞர்களும் பிற கீழ்த்திசை நாட்டு இளைஞர்களும் நம் செம்படவர் குடிசைகளுக்கு நடுவே அமர்ந்து இலத்தீன் இலக்கணமும் மறையியலும் கற்றனர். அவர்கள் உண்டது நம் கரையின் அரிசியும் மீனுமே அன்றி வேறென்னவாக இருந்திருக்கும்?

அக்குருமடத்தின் தலைவராக இருந்தவர் பிஞ்ஞோ தெ பெயேன். புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1774-இல் சென்னை மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் நாடிழந்து தவித்த அரசர் நுயென் ஆன் தம் ஐந்து வயது மைந்தன் கான் என்பவனை இவரிடமே ஒப்படைத்தார். ஆயரும் இளவரசனும் 1785 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்து, ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்து, 1786-இல் பிரான்சுக்குக் கப்பலேறினர். 1787 நவம்பர் 28 அன்று வெர்சாயில் ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அது செயற்படாமற் போகவே, ஆயர் புதுச்சேரிக்குத் திரும்பித் தாமே ஆட்களையும் கப்பல்களையும் திரட்டி 1789-இல் வியட்நாம் போய்ச் சேர்ந்தார். நுயென் ஆன் 1802-இல் கியா லாங் என்ற பெயரில் பேரரசரானார். ஒரு பேரரசின் வரலாறு திரும்பிய திருப்பத்தில் நம் புதுச்சேரிக் கரையும் இருக்கிறது.

இங்கே மற்றொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். வீராம்பட்டினத்துக்கு அடுத்ததே அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோமானியர் காலத்துச் சாடிகள் பல வெளிப்பட்டன. அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளில் திராட்சை இரசமும் ஒலிவ எண்ணெயும் மட்டுமல்லாது, ‘காரும்’ என்னும் புளித்த மீன்சாறும் வந்திறங்கியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மீனை உப்பிலிட்டு நாட்பட வைத்து வடித்தெடுக்கும் அச்சாறு உரோமானியர் சமையலில் நம் புளியைப் போல எங்கும் நிறைந்திருந்தது. புனித பேதுருவும் புனித பவுலும் நடமாடிய நகரங்களின் தெருக்களில் அதன் மணம் வீசாமலா இருந்திருக்கும்! வியட்நாமியர் சமையலின் உயிர்நாடியும் அத்தகைய மீன்சாறுதான். ‘நுக் மாம்’ என்பது அதன் பெயர். அந்நியம் என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருள் நம் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

சைகோனில் தமிழர்

1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது. 1862-இல் கொச்சின்சீனாவின் கிழக்கு மாநிலங்கள் பிரான்சுக்கு உரியவையாயின. 1867-இல் எஞ்சிய பகுதிகளும் சேர்ந்தன. புதிய ஆட்சிக்கு எழுத்தர், காவலர், சுங்கத்துறையினர், அஞ்சல் பணியாளர், வரி தண்டுவோர் எனப் பலர் தேவைப்பட்டனர். பிரெஞ்சு மொழி அறிந்த புதுச்சேரி, காரைக்கால் மக்கள் கப்பலேறினர்.

1881 செப்டம்பர் 21 அன்று வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆணை இப்பயணத்துக்கு வேகம் கொடுத்தது. தம் சாதி, மரபுச் சட்டங்களைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்பவர், புதிய குடும்பப் பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு பிரெஞ்சுக் குடிமகனாகலாம் என்றது அவ்வாணை. நீதிமன்றத்துக்குள் காலணியுடன் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, அந்த உரிமைக்காக வழக்காடி வென்ற பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் இவ்வியக்கத்தின் முன்னோடி. ‘லா போர்த்து’ என்பது அவர் பூண்ட பெயர். ‘வாயில்’ என்று பொருள். இவ்வாறு மரபுரிமை துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர். ஒடுக்கப்பட்ட குலங்களில் பிறந்தோரும் அவர்களுள் மிகப் பலர். ஊரில் எதிர்வீட்டுத் திண்ணையில் அமர முடியாதவன், சைகோனில் பிரெஞ்சுக்காரனுக்கு நிகரான சட்ட உரிமை கோரி நின்றான். நடைமுறையில் அவனை வெள்ளையர் முழுமையாக ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு வாயில் திறந்தது உண்மை.

அரசுப் பணியாளர் மட்டுமா? நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மேக்காங் ஆற்று வயல்களுக்குக் கடன் கொடுத்தனர். காவிரிப் படுகையைப் போன்றே நெல் விளையும் பூமி அது. அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. மாரியம்மன் கோயிலொன்றும் உண்டு. அங்கே இன்று ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்புவோர் பெரும்பாலும் வியட்நாமியரே. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி விற்றனர். 1935-இல் எழுந்த நகர்ப் பள்ளிவாசல் அவர்தம் நினைவைத் தாங்கி நிற்கிறது. பால் கறந்து விற்ற தமிழரும் இருந்தனர். 1880-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சைகோன் அன்னை மரியா பேராலயத்தில் புதுச்சேரிக் கத்தோலிக்கர் வியட்நாமியரோடும் பிரெஞ்சுக்காரரோடும் முழந்தாளிட்டனர்.

இவர்களோடு மஞ்சளும் மல்லியும் மிளகாயும் கப்பலேறின. அவ்வழியே தமிழர் குழம்பு வியட்நாமியர் அடுப்புக்குச் சென்றது. ‘கறி’ என்னும் நம் சொல் அவர்கள் நாவில் ‘கா ரி’ ஆயிற்று. அவர்கள் அதில் எலுமிச்சைப்புல்லைத் தட்டிப் போட்டனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்தனர். பிரெஞ்சுக்காரன் கற்றுக்கொடுத்த நீண்ட ரொட்டியைத் துணையாக்கிக்கொண்டனர். மூன்று நாட்டார் சந்தித்த ஒரு வரலாறு ஒரு கிண்ணத்தில் அடங்கியிருக்கிறது. எங்கள் பங்கு இளைஞனின் ஐயத்துக்கு விடை இதுவே.

வியட்நாமிய இல்லத்தில் உணவு உண்ணும் முறை ஒன்று உண்டு. பாய்மேல் அல்லது மேசைமேல் நடுவே சோற்றுப் பானையும் கறி வகைகளும் இருக்கும். இளையவர் உண்ணத் தொடங்குமுன் பெரியவர் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து, ‘சோறு உண்ணுங்கள்’ என்று வேண்டிய பின்னரே கிண்ணத்தைக் கையில் எடுப்பர். தெருவில் காண்பவரைச் ‘சோறு உண்டாயிற்றா?’ என்று கேட்பதும் அவர்கள் வழக்கம். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நமக்கு அம்மக்கள் எத்துணை நெருக்கமானவர்கள்!

திரும்பி வந்த அடுப்புகள்

1954 மே 7 அன்று தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே ஆண்டில் இரு கரைகளிலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்ததால், சைகோன் தமிழர்களில் பலர் ஊர் திரும்பினர். வேறு பலர் பிரான்சுக்குச் சென்றனர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்ததை அடுத்து வெளியேறினர்.

திரும்பியவர்களில் சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தனர். புதுச்சேரி, காரைக்கால் தெருக்களில் இந்தப் பெண்கள் சேலை உடுத்தக் கற்றனர். தமிழ் பேசக் கற்றனர். சாம்பாரும் இரசமும் வைக்கக் கற்றனர். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாவும் புத்தாண்டும் வந்தால், அரிசி மாவினால் செய்த மெல்லிய தாளில் இறைச்சியும் இறாலும் கண்ணாடிச் சேமியாவும் காளானும் வைத்துச் சுருட்டிப் பொரித்தனர். தென் வியட்நாமியர் இதனைச் ‘சா யோ’ என்பர். பிரான்சில் ‘நெம்’ என்பர். கீரையிலையிலும் புதினாவிலும் பொதிந்து, எலுமிச்சைச் சாறும் பூண்டும் மிளகாயும் சேர்த்த மீன்சாற்றில் தொட்டு உண்பது மரபு. சிலர் இதனைச் செய்து விற்றும் குடும்பம் காத்தனர். புதுச்சேரியில் வியட்நாமிய உணவு என்பது உணவகங்களில் தொடங்கியதன்று. வீட்டுக் கொல்லைப்புறத்து அடுப்புகளில் தொடங்கியது.

என் கதைக்கு வருகிறேன். நான் குருவாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தியானம் ஒன்றுக்கு உதவியாகப் புதுச்சேரிக்குச் சென்றிருந்தேன். அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை எல்லாரும் ‘சைகோன் ஆயா’ என்று அழைத்தனர். தம் தாய்மொழியில் செபமாலை சொல்லுபவர். தியானம் கேட்டு மனம் நெகிழ்ந்த அவர், என்னைத் தம் இல்லத்துக்கு உணவுக்கு அழைத்தார். விடியற்காலையில் சந்தைக்குச் சென்று, நாள் முழுதும் நின்று சமைத்திருக்கிறார். தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மீன்சாற்றின் நெடி என் மூக்கில் ஏறியது. அதன் உள்ளே என்ன இறைச்சியோ என்ற ஐயமும் எழுந்தது. “வயிறு சரியில்லை ஆயா, இன்றைக்கு மோர் மட்டும் போதும்” என்றேன். அது பொய்.

அவர் முகம் கோணவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பரவாயில்லை சாமி. எனக்குப் பழக்கம்தான். கலியாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டில் என் தட்டை வேறே வைத்திருந்தார்கள். நான் தொட்ட பாத்திரத்தை எடுக்கமாட்டார்கள். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான்.”

இறுதியில் சொன்னதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வியப்பாகச் சொன்னார். ஆறு ஆண்டுகள் இறையியல் பயின்ற எனக்கு மறுமொழி ஏதும் வரவில்லை. ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை ஊர்களுக்கு அனுப்பியபோது, ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, பரிமாறுவதை உண்ணும்படி பணித்ததாக லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. பணப்பையும் மிதியடியும் வேண்டா என்று சொன்ன அதே மூச்சில் சொல்லப்பட்டது அது. பணப்பையைத் துறப்பதுபற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். பரிமாறியதை உண்பதுபற்றி அதுவரை ஒரு மறையுரையும் ஆற்றியதில்லை.

அகதிகளின் உணவகம்

1975-க்குப் பின் வியட்நாமியர் பல இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். சிறு படகுகளில் கடலில் இறங்கியோருள் எண்ணற்றோர் மாண்டனர். பிழைத்தோர் பிரான்சு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் கரையேறினர். கையில் பொருளில்லை, மொழி தெரியாது, பட்டங்களுக்கு மதிப்பில்லை. தாயிடம் கற்ற சமையலே கைம்முதலாயிற்று. இன்று உலகின் பெருநகரங்களில் காணப்படும் வியட்நாமிய உணவகங்களில் பலவும் இவ்வாறு தோன்றியவையே. செல்வர் சுவை தேடிச் செல்லும் அந்த மேசைகள், அகதிகளின் கண்ணீரின்மேல் போடப்பட்டவை.

படகு மக்களின் துயரம் இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேதுரு அருப்பேயின் உள்ளத்தை உலுக்கியது. 1980 நவம்பர் 14 அன்று அவர் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். வியட்நாமியருக்காகத் தொடங்கிய அப்பணி, பின்னர் தமிழகத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்களில் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியது. நம் திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டில் அத்தகைய முகாம் இருப்பதை வாசகர் அறிவர். வியட்நாம் செல்லும் விமானம் புறப்பட்ட அதே ஓடுபாதைக்குப் பக்கத்தில், நாடிழந்த தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் லூர்து அன்னையின் திருத்தலத்துக்குத் திருப்பயணம் சென்றபோது பாரிசில் இரு நாட்கள் தங்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இல்லத்தில் விருந்தினனாக இருந்தேன். அவர் என்னை அந்நகரின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் இருந்த வியட்நாமிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். 1975-க்குப் பின் வந்த அகதிகள் பெருவாரியாகக் குடியேறிய பகுதி அது. குறுகிய கடை, பத்துப் பன்னிரண்டு மேசைகள், சுவரில் லா வாங் அன்னையின் படம். “சுவாமி, நான் வந்த புதுசில இப்பிடியொரு வியட்நாம் கடையிலதான் கோப்பை கழுவினனான்” என்றார் நண்பர். “முதலாளியும் படகில வந்த மனிசன். பேப்பர் இருக்கோ, மொழி தெரியுமோ எண்டு ஒண்டும் கேக்கேல்லை. முதல்ல சாப்பாடு தந்தவர். பிறகுதான் பேரைக் கேட்டவர்.”

அப்போது ஒரு தட்டு வந்தது. கீரையிலை, புதினா, பொரித்த சுருள்கள், ஒரு சிறு கிண்ணத்தில் மீன்சாறு. அதே மணம். நான் இலையில் பொதிந்து தொட்டு உண்டேன். நன்றாகவே இருந்தது. ஆனால் தொண்டையில் இறங்க மறுத்தது உணவன்று, நினைவு. புதுச்சேரி மூதாட்டி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இறைவனடி சேர்ந்துவிட்டார். அவருக்காக மறுநாள் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். உண்ணாத உணவுக்குத் திருப்பலி ஈடாகுமா? ஆகாது. ஆயினும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லா வாங் அன்னையைப்பற்றி ஒரு சொல். 1798-இல் வேதகலாபனைக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்து, நோயால் வாடிய வியட்நாமியக் கத்தோலிக்கருக்கு அன்னை தோன்றி, அங்கிருந்த இலைகளைக் கொதிக்கவைத்துப் பருகும்படி சொன்னதாக அம்மக்கள் நம்புகின்றனர். நம் வேளாங்கண்ணியிலோ அன்னை தம் மகனுக்காகப் பால் சுமந்த சிறுவனிடம் பால் கேட்டார். மோர் விற்ற சிறுவனிடம் மோர் கேட்டார். அங்கே அன்னை உணவும் மருந்தும் தருகிறார். இங்கே கை நீட்டிக் கேட்கிறார். கொடுப்பதும் கேட்டு வாங்கி உண்பதும் ஒரே அன்பின் இரு முகங்கள் அல்லவா?

நமது பந்தி

யாரோடு அமர்ந்து உண்பது என்னும் கேள்வி திருச்சபையைத் தொடக்க நாளிலிருந்தே தொடர்ந்து வருகிறது. யோப்பாவில் மாடிமேல் பசியோடு இருந்த பேதுருவுக்குக் கிடைத்த காட்சி உணவைப்பற்றியது. அதன் முடிவில் அவர் கொர்னேலியு என்னும் பிற இனத்தாரின் வீட்டுக்குச் சென்றார். அதே பேதுரு அந்தியோக்கியாவில், சிலருக்கு அஞ்சிப் பிற இனத்தாரின் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கொரிந்து நகரில் செல்வர் முந்தி உண்டு, ஏழைகள் பசித்திருந்தபோது, அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று எழுதினார். முதல் திருத்தந்தையே தடுமாறிய இடம் பந்தி என்றால், நாம் தடுமாறியதில் வியப்பில்லை. ஆனால் கண்டிக்கும் பவுல் நம்மிடையே இருந்தாரா என்பதே வினா.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இறைச்சி விலக்கி, அந்தணரின் உணவு முறையை மேற்கொண்டார். தம் நாட்டாரோடும் கடற்கரைக் கிறித்தவரோடும் பந்தியைப் பிரித்துக்கொண்டார். உயர்குலத்தாருக்கு நற்செய்தி எட்ட வேண்டும் என்னும் ஆர்வமே காரணம். அவருடைய உள்ளத்தின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆயினும் உயர்ந்தோருக்கு ஒரு போதகர், தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று இரு வகை ஏற்பட்டது, பந்தி பிரிந்தது, பின்னர் ஆலயமும் பிரிந்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கிளையாக ஆலயம் கட்டப்பட்ட வரலாற்றை அனைவரும் அறிவோம். கல்லறைகளில் எழுந்த சுவர்களையும் அறிவோம். ‘சைகோன் ஆயா’வின் தட்டு வேறாக வைக்கப்பட்டது திடீரென்று நடந்ததன்று. அதற்கு முந்நூறு ஆண்டுப் பயிற்சி நமக்கு இருந்தது.

நாட்டிலும் இதுவே நிலை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த கிளர்ச்சி 1920-களில் தமிழகத்தையே அதிரவைத்தது. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த தனியிடங்கள் 1941-இல் நீங்கின. 1957-இல் தந்தை பெரியார் உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த சாதிப்பெயரை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தினார். காசு கொடுத்தால் யாரும் அமரலாம் என்னும் சாதாரண உணவகம்கூடப் போராடியே நமக்குக் கிடைத்தது என்பதை இளையோர் நினைவில் கொள்ள வேண்டும்.

காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம். அவ்வூரோடு பிரிக்க முடியாத பெயர் இராமானுசர். அவர் காஞ்சியில் இல்லறத்தில் இருந்தபோது, அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து, அவர் உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண விரும்பினார் என்றும், மனைவியோ நம்பி உண்ட இலையைக் கோலால் தள்ளி, இடத்தைக் கழுவித் தூய்மைப்படுத்திவிட்டார் என்றும், அது இராமானுசரின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது என்றும் வைணவப் பெரியோர் வரலாறு கூறும். கழுவப்பட்ட தரையின் கதை அங்கும் இருக்கிறது. 2012 முதல் திருவரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. வரிசையில் வருவோரைக் குலம் கேளாது அமர்த்துகின்றனர். நாமும் கற்றுக்கொள்ளத் தக்க காட்சி அது.

ஊண் வேறு, திருவிருந்து வேறு என்று சிலர் சொல்லக்கூடும். வியட்நாம் திருச்சபை அதற்கு விடை சொல்லும். சைகோனின் வாரிசுரிமைப் பேராயராக நியமிக்கப்பட்ட பிரான்சிசு சேவியர் நுயென் வான் துவான் 1975 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு, பதின்மூன்று ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் இருந்தார். வயிற்றுவலிக்கு மருந்து வேண்டும் என்று அவர் எழுதியனுப்ப, மக்கள் புரிந்துகொண்டு சிறு குப்பியில் திராட்சை இரசம் அனுப்பினர். உள்ளங்கையே கிண்ணமாக, மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் இட்டு நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். உடனிருந்த கைதிகளோடு அதனைப் பகிர்ந்தார். 2001-இல் கர்தினாலாகி 2002-இல் மறைந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிசு 2017-இல் ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தார். மேசையே இல்லாத இடத்தில் ஒருவர் உள்ளங்கையை மேசையாக்கினார். அகன்ற மேசைகளும் நீண்ட பந்திகளும் உடைய நாம், ஒருவரை ஓரமாக உட்காரச் சொல்கிறோம்.

வயிறு சரியில்லை என்று அவர் எழுதியது, கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் பிறரோடு பகிர்வதற்காக. வயிறு சரியில்லை என்று நான் சொன்னது, ஒரு முதிய தாயின் உணவைத் தவிர்ப்பதற்காக. இவ்வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் நான் நாணுகிறேன்.

அன்பர்களே, வியட்நாமிய உணவகத்துக்குச் செல்லுங்கள் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. சென்றால் நன்று, வெளிநாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகள் அழைத்தால் மறுக்காதீர்கள். அதனினும் அருகில் ஒரு மேசை இருக்கிறது. நம் பங்கில், நம் தெருவில், நாம் இன்னும் கை நனைக்காத வீடு ஒன்று இருக்கும். கலப்பு மணம் புரிந்து வந்த மருமகள், வடநாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் தொழிலாளி, முகாமில் வாழும் குடும்பம் என்று அவ்வீடு எதுவாகவும் இருக்கலாம். அவர்களை நம் விழாப் பந்திக்கு அழைப்பது நல்லதே. ஆனால் அது பாதி வழிதான். அவர்கள் வீட்டுக்குச் சென்று, அவர்கள் வைப்பதை உண்பதே மீதி வழி.

அந்த நான்கு இளைஞருக்கும் இவ்வரலாற்றைச் சொன்னேன். மூதாட்டியின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் அவர்கள் பேசவில்லை. பிறகு, கறிக்கடையைப்பற்றிக் கேட்டவன் மெல்லச் சொன்னான்: “சாமி, எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டார் ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக்கும் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். அம்மா வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாங்கள் யாரும் தின்றதில்லை.”

“இந்த ஆண்டு?” என்று கேட்டேன்.

“தின்போம் சாமி” என்றான்.